ஸ்லிப்பர் நாற்காலி: ஒரு தாழ்ந்த ஆசனத்தின் சரித்திரம்

மனிதனை நிலத்திலிருந்து உயர்த்தி உட்கார வைப்பதற்காகவே நாற்காலி உண்டாயிற்று. அரசனுடைய சிம்மாசனமும் நீதிபதியின் பீடமும் தம் உயரத்தினாலேயே மதிப்படைந்தன. அப்படியிருக்க, வேண்டுமென்றே கால்களைக் குறுக்கித் தாழ்த்திச் செய்யப்பட்ட ஒரு நாற்காலி, இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாகச் செல்வர் வீட்டுப் பள்ளியறைகளில் மறைந்து வாழ்ந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க் நகரத்து நாகரிக இல்லங்களின் வரவேற்பறைக்கே வந்து அமர்ந்த வரலாறு, மரச்சாமான்களின் சரித்திரத்தில் நிதானமாக நின்று கவனிக்கத் தக்கது. ஸ்லிப்பர் நாற்காலி என்று இன்று வழங்கும் அந்த ஆசனத்தை அறிந்துகொள்ள இரண்டு அடையாளங்கள் போதும்: அதற்குக் கைகள் கிடையா, சாதாரண நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து பதினேழு, பதினெட்டு அங்குல உயரத்தில் இருக்க, இதன் இருக்கை பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து அங்குலத்திலேயே நின்றுவிடும். அந்த மூன்று அங்குலம் ஏன் குறைந்தது, யாருக்காகக் குறைந்தது என்று கேட்டுக்கொண்டு போனால், அதற்குள்ளேயே இந்த நாற்காலியின் சரித்திரம் முழுவதும் அடங்கியிருப்பதைக் காணலாம்.

தரையில் உட்கார்ந்து பழகிய தேசத்தில் தாழ்ந்த ஆசனம் ஓர் அதிசயமன்று. ஆனால் குளிர் மிகுந்த நாடுகளில், கல்லும் பலகையும் பாவிய தரை வருஷத்தில் பாதி நாள் சில்லிட்டுக் கிடப்பதால், மனிதர் தரையை விட்டு மேலேறி உட்காருவதையே வழக்கமாகக் கொண்டனர்; அவ்வாறு மேலேறியவர்களை மறுபடியும் சிறிது கீழே இறங்கச் செய்தது குளிர்காய மூட்டிய நெருப்பாகும். சுவரில் பதித்த கணப்பில் எரியும் விறகின் வெப்பம் முகத்துக்கும் மார்புக்கும் கால்களுக்கும் ஒருங்கே எட்ட வேண்டுமானால், அந்த நெருப்பின் மட்டத்துக்கு அருகில் தாழ்ந்து உட்கார வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அவ்வாறு தாழ்ந்த நாற்காலிக்கு, சூடேற்றுதல் என்னும் பொருள் கொண்ட சொல்லிலிருந்து, ‘ஷோஃபூஸ்’ என்றே பெயரிட்டனர். குழந்தையை நெருப்பின் எதிரே வைத்துக் குளிப்பாட்டித் துவட்டவும், மடியில் கிடத்திப் பால் கொடுக்கவும், தாயும் செவிலியும் அதையே நாடினர். தாழ்ந்த இருக்கையில் பாதங்கள் தரையில் நன்றாகப் பதிவதால் முழங்கால்கள் சற்று உயர்ந்து மடி தொட்டிலைப்போல் குழிவதும், கைகள் இல்லாமையால் குழந்தையை ஏந்திய முழங்கைகள் எதிலும் இடிபடாமலிருப்பதும் அவர்களுக்குப் பெரிய சௌகரியங்கள். இங்கிலாந்தில் இதே வகையைச் சேர்ந்த ஆசனம் பால் கொடுக்கும் நாற்காலி என்றே அழைக்கப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களில் இருந்த பிலடெல்பியா, பாஸ்டன் முதலிய நகரங்களின் தச்சர்கள், வால்நட் மரத்திலும் மஹாகனியிலும் சாப்பாட்டறை நாற்காலிகளைச் செய்யும்போது, அதே வளைந்த கால்களும் அதே செதுக்கு வேலையும் கொண்டு, உயரம் மட்டும் குறைந்த நாற்காலிகளையும் பள்ளியறைக்கென்று செய்து கொடுத்தனர். அவற்றுள் எஞ்சியவற்றை இன்றைய பொருட்காட்சிச் சாலைகளும் புராதனப் பொருள் வியாபாரிகளும் ஸ்லிப்பர் நாற்காலி என்றே குறிக்கின்றனர். ஸ்லிப்பர் என்பது வெளியே அணியும் பாதரட்சையன்று. வீட்டினுள், அதுவும் படுக்கையறையில், எளிதில் காலை நுழைத்துக்கொள்ளும் மெல்லிய செருப்பு. அதை அணியவும் கழற்றவும் உட்காரும் இடம் என்பதே பெயரின் பொருள்.

செருப்பு அணிவதற்கு ஒரு தனி நாற்காலியா என்று வியப்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேல்நாட்டுச் சீமாட்டிகள் அணிந்த உடையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். இடுப்பையும் விலாவையும் திமிங்கிலத்தின் வாயெலும்பும் எஃகுப் பட்டையும் வைத்துத் தைத்த கச்சு இறுக்கிக்கொண்டிருக்க, அதன்கீழ்ப் பல பாவாடைகள் அடுக்கடுக்காக விரிந்து நிற்க, 1856-ஆம் ஆண்டில் எஃகு வளையங்களால் ஆன கூண்டுபோன்ற கிரினொலின் என்னும் சட்டமும் வந்து சேர்ந்தபோது, ஒரு பெண் இடுப்பை வளைத்துத் தன் பாதத்தைத் தொடுவதே அரும்பெரும் காரியமாகிவிட்டது. அணிந்த பூட்ஸுகளோ, கணுக்காலுக்கு மேல் வரையில் கயிற்றால் கட்டவோ கொக்கியால் பொத்தான் மாட்டவோ வேண்டியவை. குனிய முடியாதவளுக்குப் பாதத்தை அருகில் கொண்டுவந்து கொடுப்பதே அந்த நாற்காலியின் சேவை: இருக்கை மூன்று அங்குலம் இறங்கினால் முழங்கால் இடுப்பை நோக்க அவ்வளவுக்கு மேலெழுகிறது, கை அவ்வளவுக்கு எட்டுகிறது. கைகள் இல்லாமலிருந்ததும் இதே காரணத்தினாலேதான். கைகள் இருந்திருந்தால் விரிந்த பாவாடை அவற்றுக்கிடையே அடங்கியிராது. ஆக, அழகுக்காக இயற்றப்பட்டதுபோல் தோன்றும் இந்த வடிவத்தின் ஒவ்வோர் உறுப்பும், ஒரு காலத்துப் பெண்களின் உடல் பட்ட சிரமத்துக்குச் சொன்ன விடையாகும்.

அந்த விடையை மேலும் இதமாக்கியது மெத்தை வேலை. 1822-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ஜியார்க் யூனிகல் என்பவர் இரும்புச் சுருள்வில்களை இருக்கையில் பயன்படுத்தும் முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார்; 1828-இல் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் பிராட்டும் அத்தகைய உரிமைப்பத்திரம் ஒன்றைப் பெற்றார். அதற்குப் பின் மெத்தை வேலைக்காரர் கைக்கு வந்த முறை இதுதான்: மரச் சட்டத்தின் அடியில் சணல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இழுத்து ஆணியடித்து, அவற்றின்மேல் சுருள்வில்களை நிறுத்தித் தைத்து, வில்லின் தலைகளை எட்டுத் திசையிலும் முறுக்குக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்து, அதன்மேல் சாக்குத் துணியும், அதன்மேல் சுருட்டிப் பதப்படுத்திய குதிரை ரோமமும், அதன்மேல் பஞ்சும் பரப்பி, இறுதியில் மேல்துணியைப் போர்த்துப் பொத்தான்களை ஆழ இழுத்துத் தைப்பார்கள். சுருள்வில்லுக்கு நிற்க இடம் வேண்டுமாதலால் இருக்கையின் கனம் மிகுந்தது. கனம் மிகுந்தும் உயரம் மாறக்கூடாதென்றால் கால்கள்தாமே குறைய வேண்டும்? விக்டோரியா ராணியின் காலத்து ஸ்லிப்பர் நாற்காலிகள், பருத்த உடலும் குட்டைக் கால்களும் கொண்டு தரையோடு ஒட்டி நிற்பதுபோல் காண்பதன் ரகசியம் இதுவே. மேல்துணியாக அக்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்ட கறுப்பு நிறக் குதிரை ரோமத் துணியை, இங்கிலாந்தின் காஸில் கேரி என்னும் ஊரில் 1837-இல் தோன்றிய ஜான் பாய்டு நெசவாலை இன்றளவும் நெய்துவருகிறது. குறுக்கு இழையாகச் செல்வது வாலின் ரோமமாதலால், குதிரை வாலின் நீளம் எவ்வளவோ அவ்வளவே அத்துணியின் அகலம்.

இந்த வடிவத்தைக் கலையின் உச்சிக்குக் கொண்டுபோனவர், ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக் நகரின் அருகே 1804-இல் பிறந்து, 1833-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நியூயார்க்கில் தொழில் நடத்திய ஜான் ஹென்றி பெல்ட்டர் ஆவார். பிரேஸில் தேசத்து ரோஸ்வுட் மரத்தை — நமது தோதகத்தி மரத்துக்கு அது இனமுறையில் உறவானது — காகிதம்போல் மெல்லிய தகடுகளாக அறுத்து, ஒரு தகட்டின் ரேகைக்கு அடுத்த தகட்டின் ரேகை குறுக்காகும்படி ஆறு, ஏழு, எட்டு என்று ஒட்டி, நீராவியால் இளக்கி, அச்சில் அழுத்தி வளைத்தார். அவ்வாறு ஓர் அங்குல கனம்கூட இல்லாத பலகையில், தனிமரத்தில் செய்தால் ஒடிந்தே போகக்கூடிய திராட்சைக் கொடியும், ரோஜா மலரும், இலைச் சுருளும், ஊடே வெளிச்சம் தெரியும்படி செதுக்கப்பட்டன. 1847-இலிருந்து 1860 வரையில் நான்கு உரிமைப்பத்திரங்கள் அவர் பெயரில் பதிவாயின. அடுக்குப் பலகையை அழுத்தி வளைக்கும் முறைக்கு உரியது 1858-ஆம் ஆண்டின் பத்திரம். உயர்ந்த முதுகும் தாழ்ந்த இருக்கையுமாக அவர் பாணியில் அமைந்த ஸ்லிப்பர் நாற்காலிகளில், செதுக்கு வேலை முழுவதும் முதுகுப் பலகையின் சிகரத்திலேயே குவிந்திருக்கும். உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலைக்குப் பின்னால் அது ஒரு திருவாசிபோல் அமையும். 1863-இல் பெல்ட்டர் காலமானார். நான்கே ஆண்டுகளில், 1867-இல், அவருடைய தொழிற்சாலையும் திவாலாகி மூடப்பட்டது. இயந்திரங்கள் மலிவாகச் செய்து குவித்த சாமான்களோடு கைச் செதுக்கு வேலை போட்டியிட முடியாத காலம் அப்போதே பிறந்துவிட்டது.

இங்கே நம் நாட்டுக்கு உண்மையான பாத்தியதை உள்ள ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பள்ளியறை நாற்காலிகளுக்கு மேல்நாட்டார் நெடுங்காலமாக விரும்பிப் போர்த்திய பூப்போட்ட பருத்தித் துணியாகிய சீட்டி, முதலில் அவர்களுக்குக் கிடைத்தது இந்தியாவிலிருந்தே. அதிலும் சாயவேரின் நிலைத்த சிவப்பைக் கையால் தீட்டத் தெரிந்த சோழமண்டலக் கரைக் கைவினைஞர்களின் துணிக்கு மதிப்பு மிகுதி. எத்தனை முறை வெளுத்தாலும் நிறம் போகாத அந்தத் துணியின்மேல் இங்கிலாந்துப் பெண்களுக்கு இருந்த மோகத்தைக் கண்டு, கம்பளியும் பட்டும் நெய்வோர் கலகம் செய்தனர். அதன் பயனாக, தீட்டிய இந்தியத் துணிகளை உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்குமதி செய்வது 1701 முதல் தடுக்கப்பட்டது. 1721-இல் இயற்றிய சட்டமோ, உடையில் மட்டுமன்றிப் படுக்கையிலும் நாற்காலியிலும் திரையிலும்கூட அச்சிட்ட பருத்தித் துணியைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. 1774 வரையில் நீடித்த அந்தச் சட்டத்தின் நிழலில், இங்கிலாந்தில் ஒரு நாற்காலியின்மேல் சீட்டித் துணி கிடப்பது ராஜாங்கத்தை மீறிய செயலாக இருந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஆலைகளே சீட்டியை அச்சிட்டுக் குவித்தபோது, அதன் பூர்விகம் மறந்துபோயிற்று. பூவும் கொடியும் படர்ந்த துணி போர்த்திய ஒரு பழைய ஸ்லிப்பர் நாற்காலியைக் காணும் தமிழர், அந்தக் கொடியின் வேர் எங்கே ஊன்றியது என்பதை மறக்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா காலத்துப் பாரமான அலங்காரங்களை ஜனங்கள் வெறுக்கத் தொடங்கினர். 1907-இல் திறக்கப்பட்ட நியூயார்க் காலனி கிளப் என்னும் பெண்கள் சங்கத்தின் அறைகளை அலங்கரித்த எல்ஸி டி உல்ஃப் அம்மையார், இருண்ட வெல்வெட்டையும் தடித்த திரைகளையும் நீக்கி, சீட்டித் துணியையும் வெளிச்சத்தையும் உள்ளே கொண்டுவந்தார். உடையும் மாறியது, கச்சு தளர்ந்தது, கிரினொலின் எப்போதோ மறைந்தது. செருப்பு அணியக் குனிவதில் சிரமமில்லாத தலைமுறை பிறந்ததும், சிரமத்துக்காகவே பிறந்த நாற்காலியும் மறைந்திருக்க வேண்டும் என்றே நியாயமாக நினைக்கத் தோன்றும். ஆனால் அது மறையவில்லை. அதைப் புது ஜன்மம் எடுக்கச் செய்தவர் பில்லி பால்ட்வின்.

1903-இல் பால்ட்டிமோர் நகரில் பிறந்து, 1935-இல் நியூயார்க்குக்கு வந்து, ரூபி ராஸ் உட் என்னும் புகழ்பெற்ற அலங்கார நிபுணரிடம் பணிபுரிந்து, 1950-இல் அவர் இறந்தபின் தனியே தொழில் நடத்திய பால்ட்வின், பாடலாசிரியர் கோல் போர்ட்டருக்கும் பத்திரிகையாசிரியர் டயானா விரீலாண்டுக்கும் அமைத்துக்கொடுத்த அறைகளால் பெயர் பெற்றார். அவர் பழைய ஸ்லிப்பர் நாற்காலியின் செதுக்கு வேலையையும் பொத்தான்களையும் நீக்கினார். வெளியே மரமே தெரியாதபடி உடல் முழுவதையும் துணியால் மூடி, நேர்கோடுகளால் ஆன ஒரு சதுர வடிவமாக்கினார். தாழ்வையும் கைகளின்மையையும் மட்டும் விடாமல் காத்தார். அடர்ந்த பழுப்பு நிறச் சுவர்கள் கொண்ட ஒரே அறையாலான தம் சொந்த இல்லத்திலும் அவற்றையே இட்டார். நகரத்து அடுக்குமாடி வீடுகளின் சிறிய அறையில், உயர்ந்த நாற்காலி பார்வையை மறித்து அறையைத் துண்டாக்கும். தாழ்ந்ததோ கண்ணைத் தடுக்காமல் சுவர்வரை செல்லவிடும். கைகள் இல்லாததால் ஒருவர் எந்தப் பக்கமும் திரும்பி அமரலாம். பேச்சு எங்கே நடக்கிறதோ அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கிரினொலினுக்கு இடம்விட்ட அதே வடிவம், இப்போது உரையாடலுக்கு இடம்விட்டது.

அதே காலத்தில் மிச்சிகன் மாகாணத்து கிராண்டு ராப்பிட்ஸ் நகரில் விட்டிகோம் கம்பெனிக்காக வரைந்த ராப்ஸ்ஜான்-கிப்பிங்ஸ், இண்டியானா மாகாணத்து பெர்ன் என்னும் சிற்றூரில் டன்பார் கம்பெனிக்காக வரைந்த எட்வர்டு வார்ம்லி முதலியோரும், மெல்லிய மரக்கால்கள் கொண்ட புதுவகைத் தாழ்ந்த நாற்காலிகளை இயற்றினர். சுருள்வில்லின் இடத்தை, 1929-இல் டன்லப் கம்பெனியார் கண்டறிந்த ரப்பர் நுரையும், பின்னர் பாலியூரித்தேன் நுரையும் கைப்பற்றின. இன்று பழைய ஸ்லிப்பர் நாற்காலி என்று மேல்நாட்டுக் கடைகளில் விலைக்கு வருபவை பெரும்பாலும் இந்த இரண்டு காலங்களையும் சேர்ந்தவை: ஒன்று சுருள்வில்லும் குதிரை ரோமமும் கொண்ட விக்டோரியா காலத்தது, மற்றொன்று நுரை நிரப்பிய இருபதாம் நூற்றாண்டின் நடுக்காலத்தது. இரண்டையும் தேர்ந்தெடுக்கும் முறை வேறு வேறு.

முன்னதை வாங்குவோர் முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்; நாற்காலியின் உண்மையெல்லாம் அடிப்புறத்திலேயே எழுதியிருக்கிறது. சாதாரண நாற்காலியின் கால்களைப் பிற்காலத்தில் அறுத்துக் குட்டையாக்கி விற்பது உண்டாகையால், காலின் அடிமுனையில் தேய்வும் அழுக்கும் முதுமைக்கு ஏற்றவாறு இருக்கின்றனவா, வளைவு நடுவிலேயே வெட்டுண்டு நிற்கிறதா, செதுக்கு வேலை இயல்பான இடத்தில் முடிகிறதா என்று கவனித்தால் வேஷம் வெளிப்பட்டுவிடும். அடுத்தபடியாக, பின்கால் சட்டத்தோடு சேரும் பொருத்துகளை அசைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் சாயும் பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. பசை விட்டுப்போன பொருத்து நல்ல தச்சரால் சரிப்படும்; வண்டு துளைத்துக் கீழே மாவு கொட்டுமானால், அந்த நாற்காலி வீட்டிலுள்ள மற்ற மரங்களுக்கும் ஆபத்து. சணல் பட்டை தொய்ந்திருப்பது குறையல்ல, காலத்தின் கணக்கு, அதை மாற்றலாம். ஆனால் உள்ளே இருக்கும் குதிரை ரோமத்தைக் கிழடு என்று தூக்கியெறிவது பெரும் பிழை. அலசி உலர்த்தி மறுபடி சுருட்டினால் அது இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். பிரேஸில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச ஒப்பந்தத்தின் கடுமையான பாதுகாப்பில் உள்ளதால், அம்மரத்தாலான நாற்காலியைத் தேசம் விட்டுத் தேசம் கொண்டுபோக விரும்புவோர் உரிய சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

நுரை நிரப்பிய பின்னதில், துணி எவ்வளவு அழகாயிருந்தாலும், இருக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் நுரை வறண்டு பொடியாகி உதிரும் இயல்புடையது. அப்போது அழுத்திய இடம் மீண்டெழாமல் பதிந்தே கிடக்கும். எளிதில் தீப்பற்றும் பாலியூரித்தேன் நுரையின் பயங்கரத்தை உணர்ந்தே, பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் சட்டம், 1950-க்குப் பின் செய்த மெத்தைச் சாமான்களை வியாபாரிகள் விற்க வேண்டுமானால் தீத்தடுப்பு விதிகளுக்கு அவை உட்பட்டிருக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. 1950-க்கு முந்தியவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. சட்டம் இல்லாத நாட்டிலும் அந்த எச்சரிக்கையை ஏற்று உள்நுரையைப் புதுப்பித்துக்கொள்வதே விவேகம்.

வீட்டில் எங்கே இடுவது என்ற கேள்விக்கு, நாற்காலியின் சரித்திரமே பதில் சொல்லிவிடுகிறது. கட்டிலின் கால்மாட்டிலும், ஜன்னலோரத்திலும், துணிப்பெட்டியின் அருகிலும் அது தன் பழைய தொழிலைச் செய்யும். கூடத்தில் இரண்டாகச் சேர்த்து எதிரெதிரே போட்டால் பால்ட்வின் காட்டிய உரையாடலின் தொழிலைச் செய்யும். அதன் பக்கத்தில் வைக்கும் மேஜையும் தாழ்ந்ததாக இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜைக்கும் எழுதும் மேஜைக்கும் அது உதவாது. முழங்கால் வலியுள்ள முதியோருக்கு, பற்றி எழக் கைகளில்லாத அந்தத் தாழ்ந்த ஆசனத்தைக் காட்டி உட்காரச் சொல்வது மரியாதையாகாது. அவர்களுக்கு உயர்ந்த கைநாற்காலியே தகும். பழையதைத் தூக்கும்போது முதுகின் சிகரத்தைப் பிடிக்காமல் இருக்கைச் சட்டத்தின் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். வெயில் நேரே விழும் இடத்தில் மெருகும் துணியும் வெளிறும். கழற்றி வெளுக்கக்கூடிய பருத்தி உறை ஒன்று தைத்து வைத்தால், உள்ளிருக்கும் பழந்துணி பாதுகாப்பாயிருக்கும்.

ஆகவே வாங்க விரும்புவோருக்கு நான் சொல்வது ஒன்றே. செதுக்கு வேலையையும் தயாரித்தவரின் பெயரையும் பிறகு பார்க்கலாம். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்து, மறுபடியும் அதை அணிந்து பாருங்கள். பாதத்துக்குக் கை எளிதாக எட்டி, எழும்போது முழங்கால் முனகாமல் இருந்தால், அந்த நாற்காலி உங்களுக்கு உரியது.